மேவிஸ் டாப்ஸ்காட்டும் சாக மறந்த மேஜரும்

மேவிஸ் டாப்ஸ்காட் தன் மழைக்கோட்டின் பைகளை என் மேசைமேல் ஒவ்வொன்றாகக் காலி செய்கிறார். இரண்டு பேனா. பாதி தின்ற புதினா மிட்டாய்ப் பொட்டலம். ஒரு டார்ச். கடைசியாக, ஒரு காகிதப் பையில் ஏழெட்டு நாய் பிஸ்கட். எங்கள் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குள் பென்சிலையும் மூக்குக்கண்ணாடியையும் தவிர எதையும் கொண்டுபோகக் கூடாது. வாரத்தில் மூன்று நாள் இந்தச் சோதனை எங்களுக்குள் நடக்கிறது.

"நாய் பிஸ்கட் எதுக்கு மேவிஸ்? இங்க ஏது நாய்?"

"நேத்து வரைக்கும் இல்ல ராசா. இன்னிக்கும் இருக்காதுன்னு என்ன நிச்சயம்?"

முப்பத்துமூன்று வருஷம் டெவன் மாவட்டம் முழுக்க வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றுப் பதினோரு வருஷமாகியும் கை இன்னும் நாயை எதிர்பார்க்கிறது. குள்ளமான, உருண்டையான உடம்பு. மழை பெய்தாலும் வெயிலடித்தாலும் அதே மழைக்கோட்டு. யாராக இருந்தாலும் "ராசா"தான்; எங்கள் காப்பகத் தலைவரையும் அப்படித்தான் கூப்பிடுவார், தபால்காரரையும் அப்படித்தான்.

மீட்டர்களை ஆட்கள் குனிய முடியாத இடத்தில்தான் மாட்டுவார்கள். அதனால் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் அரை இருட்டிலும் படித்துப் பழகிய கண் அவருக்கு. இருநூறு வருஷத்துக் கிறுக்கல் கையெழுத்து மற்ற வாசகர்களை அழவைக்கும். இவர் கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கடகடவென்று படித்துவிடுவார். ஒருமுறை என் மேசைக்கு எதிர்ப்புறம் நின்றபடியே, "இந்த வருஷமும் உனக்குச் சம்பளம் கூட்டலையாமே, விடு ராசா" என்று ஆறுதல் சொன்னார். தலைவர் அனுப்பிய அந்தக் கடிதத்தை நானே அப்போது படித்திருக்கவில்லை.

இப்போது அவர் பார்க்கும் தொழில், பிறர் வீட்டு முன்னோர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. தொழில் என்றால் வருமானம் வர வேண்டும். இவர் பெட்ரோலும் மதியச் சாப்பாடும் மட்டும் வாங்கிக்கொள்வார். கணவர் கென், தன் வம்சத்தை மட்டும் தோண்டுவதில்லை என்று ஒரு கல்யாண நாள் பரிசாக அவரிடம் எழுதி வாங்கிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார். கம்ப்யூட்டரை மேவிஸ் அரைகுறையாகத்தான் நம்புவார். அவர் நம்புவது படிக்கட்டுக்கு அடியில் இருக்கும் அலமாரியை. அங்கேதான் மீட்டர் இருக்கும். மீட்டருக்குப் பின்னால், தூக்கிப் போடவும் மனசு வராமல் திறந்து பார்க்கவும் மனசு வராமல் ஒரு பெட்டி இருக்கும். முப்பத்துமூன்று வருஷத்தில் அப்படிப் பெட்டி இல்லாத வீடு நான்கைந்துதான் பார்த்திருக்கிறாராம். "அந்த வீட்டுக்காரங்கள நம்பக் கூடாது ராசா."

செத்தவர்களைப் பற்றி அவர் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போலத்தான் பேசுவார். போன குளிர்காலத்தில் பஸ்ஸில் என்னருகே உட்கார்ந்து, "அந்த மில்லுக்காரன் பொண்டாட்டி இருக்காளே, பாதிரியாரோட ஓடியே போயிட்டா! மூணு புள்ளைங்கள விட்டுட்டு!" என்றார். முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்கள் சட்டென்று திரும்பினார்கள்.

"யாரு, நம்ம மில்லு பிராக்னல் பொண்டாட்டியா? எப்போ?"

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்திமூணுல" என்றார் மேவிஸ். அவர்களுக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனாலும் தாங்கள் இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டியும் உட்கார்ந்து மீதிக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் போனார்கள்.

மேஜர் விஷயம் போன ஏப்ரலில் ஆரம்பித்தது. நெதர்கோம் கிராமத்துப் பெரிய வீட்டுக்காரர் ஆஸ்வால்ட் குவில்லம். எண்பது வயது, பிரம்மச்சாரி, அந்த வம்சத்தின் கடைசி ஆள். நெதர்கோம் தேவாலயத்தில் அவருடைய எள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு ஒரு பளிங்கு நினைவுக்கல் இருக்கிறது. 'மேஜர் ஹோரஸ் ஹம்ஃப்ரி குவில்லம், மதராஸ் படை. 1852-இல் பர்மாவில் எதிரியின் அரண் முன்னே, ஏந்திய வாளோடு வீழ்ந்தார்.' அந்த ஜூனிலேயே அந்தக் கல்லின் முன் ஒரு விழா எடுத்து மேஜரின் வரலாற்றைச் சிறு புத்தகமாக வெளியிட ஆஸ்வால்ட் ஆசைப்பட்டார். இருபத்திரண்டு வருஷம் அவர் வீட்டு மீட்டரைப் பார்த்தவர் என்பதால் மேவிஸைக் கூப்பிட்டு அனுப்பினார்.

மேவிஸ் லண்டனுக்குக் கோச் பஸ் பிடித்துப் போய், கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் பழைய பதிவேடுகளை மூன்று நாள் புரட்டினார். நான்காம் நாள் காலை என் மேசையில் பேனாக்களைக்கூட எடுத்து வைக்காமல் மூச்சு வாங்க நின்றார்.

"ராசா, அந்த ஆளு பென்ஷன் வாங்கியிருக்காரு."

"யாரு?"

"நம்ம மேஜர்தான். செத்ததுக்கு அப்புறம். முப்பத்தியோரு வருஷம்!"

உயிரோடுதான் இருக்கிறேன் என்று பென்ஷன்காரர்கள் சான்றிதழ் கொடுக்கும் வழக்கம் அந்தக் காலத்திலும் இருந்திருக்கிறது. மேஜர் குவில்லம் உயிரோடு இருப்பதாக வெஸ்டன் கடற்கரை ஊரின் பாதிரியாரும் மேஜரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சான்றிதழ்கள் வருஷம் தவறாமல் 1883 வரைக்கும் இருந்தன. அவற்றின் நகல்களை மேவிஸ் சீட்டுக்கட்டு மாதிரி என் மேசைமேல் விரித்தார். பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் பிரதி. 1861, வெஸ்டன்: ஹோரஸ் குவில், பிறந்த ஊர் நெதர்கோம், மனைவி ஹன்னா, மகள்கள் மூன்று. தொழில் என்ற இடத்தில் எழுதியிருந்ததை நான் இரண்டு தடவை படித்தேன். கழுதைச் சவாரி.

பெயரில் வாலை வெட்டிக்கொண்டு, மேஜர் கடற்கரையில் குழந்தைகளுக்குக் கழுதை ஓட்டியிருக்கிறார்.

"இத அவருகிட்ட எப்படிச் சொல்லப் போறீங்க?" என்றேன். "விழாவுக்கு இன்னும் ஆறு வாரந்தான் இருக்கு. பெரிய மனுஷன். கொஞ்சம் பாத்து, பக்குவமா..."

"பக்குவம் என்ன பக்குவம்? மீட்டர் முள்ளு எங்க நிக்குதோ அதத்தான் எழுதுவேன். முப்பத்துமூணு வருஷமா வேற எதையும் எழுதினதில்ல."

மறுநாள் நடந்ததை அவரே எனக்கு நடித்துக் காட்டினார். ஆஸ்வால்ட் ஷெரி ஒயின் கோப்பையோடு கணப்படுப்பின் முன்னால் நின்றிருந்தாராம்.

"மிஸ்டர் குவில்லம், உங்க மேஜர் பர்மாவுல சாகல."

"சாகலையா?"

"செத்தாரு. எண்பத்திமூணுல. வெஸ்டன்ல. நெஞ்சுச்சளி."

ஆஸ்வால்ட் கோப்பையைக் கணப்படுப்பின் மேல் வைத்தாராம். பிறகு, "வெஸ்டன்லயா?" என்றாராம். சாகாமல் போனதைக்கூட மன்னித்திருப்பார். பொட்டலத்தில் மீன் வறுவல் தின்கிற கூட்டம் கூடும் ஊரில் போய்ச் செத்ததைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அங்க கழுத வெச்சிருந்தாரு."

"பட்டாளத்துக்கா?"

"சின்னப் புள்ளைங்க ஏறிச் சவாரி போக."

"மிஸஸ் டாப்ஸ்காட்" என்றாராம் ஆஸ்வால்ட், "வெளிய போற வழி உங்களுக்குத் தெரியும்."

இந்த இடத்தில் மேவிஸ் நடிப்பை நிறுத்திவிட்டார். குரல் இறங்கிவிட்டது. "போற போக்குல அவரு மீட்டர ஒரு பார்வ பாத்தேன் ராசா. பழைய பழக்கம். அந்த மாளிகையில ஒரே ஒரு ரூம்லதான் ஹீட்டர் போடுறாரு. கிறிஸ்துமஸுக்குக்கூட யாரும் வந்திருக்க மாட்டாங்க. அந்த மாதிரி ஓடியிருக்கு முள்ளு."

இரண்டு வாரம் எந்தச் சேதியும் இல்லை. மேவிஸ் வந்தார், பேனாக்களை எடுத்து வைத்தார், யாரோ ஒரு கசாப்புக்கடைக்காரரின் கொள்ளுப்பாட்டியைத் தேடினார். ஆனால் யாரையும் "ராசா" என்று கூப்பிடவில்லை. அதுவே எங்களுக்குப் பயமாக இருந்தது.

மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஆஸ்வால்ட் குவில்லமே வாசிப்பறைக்கு வந்தார். ட்வீட் கம்பளிக் கோட்டு, முழங்கையில் தோல் ஒட்டு, வாசலில் கட்டிப்போட்ட ஒரு கிழட்டு ஸ்பேனியல் நாய். அவர் குடும்பத்துக் கடிதக் கட்டுகள் எங்களிடம்தான் இருக்கின்றன. மேஜர் இளவயதில் மதராஸிலிருந்து தன் அம்மாவுக்கு எழுதியவற்றைக் கேட்டார். மூலையில் உட்கார்ந்திருந்த மேவிஸ் எழுந்திருக்கவில்லை. உயிர்ச்சான்றுகளின் நகலை மட்டும் மேசைமேல் அவர் பக்கமாக நகர்த்தினார். ஆஸ்வால்ட் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு பூதக்கண்ணாடியோடு குனிந்தார். அரை மணி நேரம்.

"எங்க பேரோட இந்த 'கியூ' எழுத்து..." என்றார் கடைசியில், யாரிடம் என்றில்லாமல். "வால இப்படிச் சுழிச்சு, கீழ ஒரு புள்ளி வெச்சு... எங்க அப்பாவும் இப்படித்தான் போடுவாரு."

மேவிஸ் தன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"அந்த மூணு பொண்ணுங்களுக்குக் குழந்தைங்க இருந்துச்சா?" என்றார் ஆஸ்வால்ட்.

"கடைசிப் பொண்ணுக்கு மட்டும். அதோட பேத்தியோட பேத்தி ஒருத்தி இருக்கா. ஷெரில் வௌல்ஸ்னு பேரு. வெஸ்டன்லயேதான்."

"உங்ககிட்ட கார் இருக்கா?"

சனிக்கிழமை என் விடுமுறை. மேவிஸின் சின்னக் காரில், பின் இருக்கையில் ஸ்பேனியலை மடியில் வைத்துக்கொண்டு நானும் போனேன். மேவிஸின் பிஸ்கட்கள் எல்லாம் பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டன. கடல் கண்ணில் பட்டதும் ஆஸ்வால்ட், "மடியில துண்டு விரிச்சுக்கிட்டுச் சாப்பிடுவாங்களா இங்க?" என்று கவலையோடு கேட்டார்.

ஷெரில் வௌல்ஸின் மீன் வறுவல் கடை கடற்கரைச் சாலைக்குப் பின்தெருவில் இருந்தது. ஐம்பத்தைந்து வயதிருக்கும்; தலையில் வலை, கையில் கரண்டி. மழைக்கோட்டு, ட்வீட் கோட்டு, நான், நாய் எல்லோரும் வரிசையாக நுழைந்ததும் அவருக்கு முகம் மாறிவிட்டது.

"சுகாதார ஆபீஸா? போன மாசந்தான வந்து எண்ணெயப் பாத்துட்டுப் போனீங்க?"

"இல்லம்மா. ஹோரஸ் குவில் பத்திக் கேக்க வந்தோம்" என்றார் மேவிஸ்.

ஷெரில் கரண்டியைக் கீழே வைத்தார். "கழுதத் தாத்தாவா? அவரு செத்து எத்தன வருஷம் ஆச்சு! அவரு யாருக்கு என்ன செஞ்சாரு?"

"இவருக்கு ஒண்ணும் செய்யல. இவருக்குச் சொந்தம். ராசா, உங்க வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில அலமாரி இருக்கா?"

கடைக்குப் பின்னாலேயே வீடு. அலமாரி இருந்தது. மீட்டரும் இருந்தது, மேவிஸ் போகிற போக்கில் அதைத் தட்டிக்கொடுத்தார். பின்னால் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கும் உடைந்த குடைக்கும் கீழே ஒரு தகரப் பெட்டி. பெட்டிக்குள் ஒரு நோட்டுப் புத்தகம். கழுதைகளின் பெயர், வயது, எந்தக் கழுதைக்கு எந்தக் காலில் புண் என்று எல்லாம் அந்தச் சுழித்த கையெழுத்தில். நடுவில் நான்காக மடித்த ஒரு தாள். அண்ணனுக்கு எழுதிய கடிதத்தின் கைப்பிரதி, 1854.

பெட்டியைக் கடைக்குள் கொண்டுவந்து, வரிசையில் நின்றவர்களைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு ஷெரில் கைகளை ஏப்ரனில் துடைத்துக்கொண்டார். மேவிஸ் கழுத்தைச் சாய்த்துப் படித்தார்.

'அண்ணா, சென்ற செவ்வாயன்று நெதர்கோமுக்கு வந்து என் நினைவுக்கல்லைப் பார்த்தேன். கல் நல்ல கல். ஆனால் ஹம்ஃப்ரி என்ற என் பெயரில் ஒலிக்காத ஓர் எழுத்தை விட்டுவிட்டாய். ஏந்திய வாளோடு வீழ்ந்தேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த வாள் ரங்கூனில் களவு போனதை உனக்கே எழுதியிருந்தேன். சார்ஜென்டின் விதவையைக் கல்யாணம் செய்துகொண்ட தம்பியைவிடச் செத்த தம்பி உனக்குச் சௌகரியம் என்பது புரிகிறது. நானும் தொந்தரவு செய்ய மாட்டேன். தேவாலயத்தைப் பெருக்குகிற கிழவி, நான் யாரென்று தெரியாமல் கல்லைக் காட்டி, பாவம், நல்ல மனுஷனாம் என்றாள். நானும் தலையாட்டினேன்.'

வரிசையில் நின்றவர்களில் யாரோ சத்தமாகச் சிரித்தார்கள். ஷெரிலும் சிரித்தார். ஆஸ்வால்டின் மீசைகூட அசைந்தது. மேவிஸ் தாளைத் திருப்பினார்.

'படையை விட்டு ஏன் வந்துவிட்டாய் என்று கேட்டிருந்தாய். ஆற்றங்கரையில் ஒரு கிராமத்தைக் கொளுத்தச் சொன்னார்கள். மறுத்தேன் என்று எழுத ஆசைதான். கொளுத்தினேன். களஞ்சியத்து நெல் மூன்று நாள் எரிந்தது. அதற்கப்புறம் எனக்கு யாரும் சல்யூட் அடிப்பது பிடிக்கவில்லை. கழுதைகள் அடிப்பதில்லை.'

ஆஸ்வால்ட் தொப்பியைக் கழற்றினார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

"நூத்தி எழுபது வருஷமா எங்க வீட்டுக்கு அவரு வீரர்" என்றார் மெதுவாக.

"எங்க வீட்டுக்குக் கழுதத் தாத்தா" என்றார் ஷெரில். "எங்க ஆத்தா சொல்லும், ராத்திரி அவரு அறையில விளக்க அணைக்கவே விடமாட்டாராம், ஆனா அடுப்பப் பத்தவைக்கச் சொன்னா எந்திரிச்சுப் போயிடுவாராம். ஏன்னு யாருக்கும் தெரியாது." கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்து, "பெரியவரே, உங்க ஆளுங்க எங்க ஹன்னா பாட்டிய வேணாம்னுதான அவரச் சாகடிச்சாங்க?" என்றார்.

"ஆமா" என்றார் ஆஸ்வால்ட். மழுப்பவில்லை.

ஷெரில் அவரை மேலும் கீழும் பார்த்தார். "சாப்பிட்டீங்களா? உடம்புல ஒண்ணுமே இல்லையே. உக்காருங்க. வினிகர் ஊத்தவா?"

துண்டு விரிக்காமலேயே ஆஸ்வால்ட் சாப்பிட்டார். கை விரலால். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

விழாக் குழுவில்தான் பெரிய ரகளை. கழுதைக் கதை இருக்கட்டும், சுவாரசியமாக இருக்கிறது, கிராமம் எரிந்ததை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துவிடலாம் என்றார் செயலாளர் அம்மா. "விழாவுக்குச் சின்னக் குழந்தைங்க எல்லாம் வருவாங்க, மேவிஸ்."

"அந்த ஊர்லயும் சின்னக் குழந்தைங்க இருந்திருக்குமே" என்றார் மேவிஸ். "பாதி முள்ள நான் எழுதறதில்ல. வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

அவர் கோட்டை எடுத்து மாட்டத் தொடங்கினார். இடது கை உள்ளே போகவில்லை. கோபத்தில் கையைக் கிழிந்திருந்த உள்துணிக்குள் நுழைத்துவிட்டார். ஆஸ்வால்ட் எழுந்து வந்து கோட்டைப் பிடித்துச் சரிசெய்து, அதைத் திரும்பக் கழற்றி ஆணியில் மாட்டினார். "கடிதம் முழுசாப் போகும்" என்றார் குழுவைப் பார்த்து. "எங்க குடும்பத்துல ஒருத்தர் எழுதின ஒரே உண்மை அது. அதையும் வெட்டினா எனக்கு என்ன மிஞ்சும்?"

ஜூன் மாதத்து ஞாயிறு. நெதர்கோம் தேவாலயத்தில் குடும்பத்தாருக்கென்று ஒதுக்கிய முன்வரிசையில் எப்போதும் ஆஸ்வால்ட் ஒருவர்தான் உட்காருவார். அன்று ஷெரில், அவர் தங்கை, மருமகன்கள், பிள்ளைகள் என்று பதினான்கு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்ததில் ஆஸ்வால்டுக்குப் பாதி இடம்தான் கிடைத்தது. மடியில் யாரோ ஒரு கைக்குழந்தை வேறு. வெளியே மதிலோரம், ஷெரில் வெஸ்டனிலிருந்து வண்டியில் கொண்டுவந்த கழுதை, புதிதாக வைத்த கல்லறைப் பூக்களை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. பாதிரியார் சன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டே ஜெபம் செய்தார்.

ஆஸ்வால்ட் கடிதத்தை முழுக்க வாசித்தார். எழுத்து விட்டுப்போன இடத்தில் ஊரே சிரித்தது. தாளைத் திருப்பினார். மடியிலிருந்த குழந்தையைப் பக்கத்தில் கொடுத்துவிட்டு, எழுந்து நின்று, நெல் எரிந்த வரியை வாசித்து முடித்தார். யாரும் கைதட்டவில்லை. தட்டக் கூடாதென்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பிறகு எல்லோரும் தேநீருக்கும் ஸ்கோன் ரொட்டிக்கும் வெளியே போனார்கள். "மேவிஸ், போட்டோவுக்கு வாங்க!" என்று ஷெரில் வாசலில் நின்று கத்தினார். பதில் வராததால் நான் திரும்பி உள்ளே போனேன். மேவிஸ் பிரார்த்தனை முக்காலி ஒன்றின்மேல் ஏறி, பளிங்குக் கல்லுக்கு நேராக நின்றிருந்தார். பொய் என்று அவரே நிரூபித்த கல். கைக்குட்டையின் முனையில் எச்சில் தொட்டு, பள்ளிக்கூடம் கிளம்பும் பிள்ளையின் கன்னத்தைத் துடைக்கிற மாதிரி, மேஜரின் பெயரில் படிந்திருந்த மெழுகுவத்திப் புகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.